பின் சீற்றுக்காரி

என் புருசன் பிரகலாதனுக்கு மோட்டார் சைக்கிள் இருந்தது. எனக்கு எழுநூற்றைம்பதாம் நம்பர் பஸ் இருந்தது. கல்யாணம் முடித்து மூன்று வருடமாக எங்கள் குடும்ப ஏற்பாடு இதுதான்.

ஊர் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? காலையில் இரண்டு பேரும் ஒன்றாகத் தேத்தண்ணி குடிப்போம். ஒன்றாக வெளியே வந்து படலையைச் சாத்துவோம். பிறகு அவர் வண்டியில் ஏறிப் போவார். நான் குடையை விரித்துக்கொண்டு பருத்தித்துறை பஸ் நிலையத்துக்கு நடப்பேன். அவருக்கும் யாழ்ப்பாணம், எனக்கும் யாழ்ப்பாணம். நான் அங்கே ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். அவர் படகு எஞ்சின் சாமான் விற்கிற கடைக்கு ஓடர் பிடிக்கிறவர். மயிலிட்டி, குருநகர் என்று தொடங்கி மன்னார், முல்லைத்தீவு வரைக்கும் கரை கரையாகப் போவார். அதற்கென்று வாங்கிய பெரிய ஹொண்டா. நாள் முழுக்க ஓடினாலும் நாரி, முதுகு நோகாது என்று பெருமை பேசுவார். எனக்கு அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல வழி இல்லை, நான் அதில் ஏறியதே இல்லை.

அந்த வண்டிக்குப் பின் சீற் ஒன்று இருந்தது. முன் சீற்றைவிடக் கொஞ்சம் உயர்ந்து, கறுப்பாக, சுருக்கம் இல்லாமல். தினமும் காலையில் அதைத் துணியால் துடைப்பார். முன் சீற்றைத் துடைக்க மறந்தாலும் இதை மறக்கமாட்டார். கல்யாணம் முடித்த முதல் கிழமை, பெரிய உரிமைக்காரியாக நான் போய் அதில் கையை வைத்தேன். அவர் இறங்கினார். திறப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார்.

“பஸ் வரப்போகுது, நீர் போம்,” என்றார். கோபமில்லை. கெஞ்சுகிற குரல்.

அன்று பஸ்ஸில் அழுதுகொண்டு போனேன். பக்கத்தில் இருந்த மனுசி எனக்குச் செத்தவீடு என்று நினைத்துத் தோடம்பழ இனிப்பு ஒன்று தந்தார்.

விசயத்தை எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டுக் குணலட்சுமி அக்கா. நான் தென்மராட்சிக்காரி, மீசாலை. வயது முப்பத்தாறு ஆகி, வீட்டில் எல்லோரும் கையை விரித்த பிறகு வந்த சம்பந்தம் இது. முதல் மனைவி மதுரா விபத்தில் போனவர் என்று மட்டும் தரகர் சொன்னார். எப்படிப் போனார் என்று நாங்களும் கேட்கவில்லை.

“வல்லையிலை,” என்றார் குணலட்சுமி அக்கா. “முனியப்பர் கோயிலடியிலை நிப்பாட்டிச் சூடம் கொளுத்தினவை. கும்பிட்டு முடிய உவன் வண்டியை எடுத்திட்டான். பொம்பிளை ஏறீட்டாள் எண்ட நினைப்பு. அவள் ஹெல்மெற்றைக் கோயில் மதிலிலை வைச்சிட்டு எடுக்கத் திரும்பிப் போயிருக்கிறாள். பாத்தால் வண்டி போகுது. கூப்பிட்டுக்கொண்டு றோட்டாலை ஓடியிருக்கிறாள். பின்னாலை ஒரு வான்...”

அவர் நிறுத்திவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார்.

“பாலம் தாண்டுமட்டும் உவன் அவளோடை கதைச்சுக்கொண்டே போனவனாம் பிள்ளை.”

வல்லை வெளியைத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் வீடு வாசல் இல்லாத வெட்டவெளி அது. இரண்டு பக்கமும் உவர்த்தரையும் தண்ணியும், நடுவில் றோட்டு. காற்று அப்படி அடிக்கும். பக்கத்தில் நிற்கிற ஆள் கூப்பிட்டாலும் கேட்காது. றோட்டோரம் முனியப்பர் இருக்கிறார். போகிற வருகிற வாகனமெல்லாம் நின்று சூடம் கொளுத்திப் போகும். அவசரக்காரன் ஹோணையாவது அடித்து ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போவான்.

பெண்சாதியை விட்டுவிட்டு வண்டியை எடுத்த ஆம்பிளைகளைப் பற்றி எங்கள் பக்கம் நிறையப் பகிடிக்கதை உண்டு. என் சொந்தச் சித்தப்பா சாவகச்சேரிச் சந்தையில் சித்தியை விட்டுவிட்டு வீடு வந்து, “இறங்கு” என்று சொன்னவர். எந்தக் கல்யாண வீட்டிலும் அதைச் சொல்லிச் சிரிப்போம். குணலட்சுமி அக்கா சொன்ன பிறகு என்னால் அந்தக் கதைக்குச் சிரிக்க முடியவில்லை.

ஆனால் நான் நல்லவள் இல்லை. பாவப்பட்டேன், பொறாமையும் பட்டேன். உயிரோடிருக்கிற ஒருத்தி என்றால் தலைமயிரைப் பிடித்துச் சண்டை போடலாம். இவளோடு என்ன செய்வது? நான் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகிறேன். அவள் இவர் துடைத்த சீற்றில் ராசாத்தியாகப் போகிறாள். வல்லை வெளி வந்தால் மட்டும், முன்னுக்குப் போன இவர் காத்து நின்று என் பஸ்ஸுக்குப் பின்னாலேயே மெல்ல வருவார். மற்ற இடமெல்லாம் பறக்கிற மனுசன், அந்த வெளி முடியும்வரை பஸ்ஸை முந்தமாட்டார். பின் கண்ணாடியால் நான் பார்த்துக்கொண்டு வருவேன். அவருக்குப் பின்னால் அந்தக் காலிச் சீற் தெரியும். அது காலியாக இருக்கிறது என்று பல தடவை எனக்கு நானே சொல்லவேண்டி இருந்தது.

இதைவிடப் பயமான ஒன்று வீட்டில் நடந்தது. பின்னேரம் அவர் வந்து முற்றத்தில் வண்டியை நிறுத்துவார். எஞ்சின் நிற்கும். ஸ்ராண்ட் போடும் சத்தம் உடனே வராது. இரண்டு காலையும் ஊன்றி, வண்டியை நிமிர்த்திப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருப்பார். பின்னால் இருக்கிற ஆள் இறங்கவேண்டுமே, அதற்காக. பிறகுதான் ஸ்ராண்ட் விழும். அவருக்கே அது தெரிந்திருக்காது, உடம்பில் ஊறிய பழக்கம். குசினிக்குள் நிற்கிற எனக்கோ அந்தச் சத்தமில்லாத நேரம் ஆகாது. யாரோ இறங்கி, செருப்பைக் கழற்றி, என் வீட்டுக்குள் வருகிற நேரம் அது. ஒரு மழை நாள் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்த பிறகுதான் பார்த்தேன், தட்டில் மூன்று கோப்பை. அவரும் பார்த்தார். தன் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

போன ஆவணியில் ஹொண்டா அச்சுவேலியில் நின்றுவிட்டது. அங்கே கராஜ் வைத்திருக்கிற கஜானன் எஞ்சினைக் கழற்றிப் பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னானாம்: “அண்ணை, உதின்ரை காலம் முடிஞ்சுது. பதின்மூண்டு வருசம் ஓடினது காணும். இப்ப இறக்குமதியும் திறந்துவிட்டிட்டாங்கள், புதிசு ஒண்டு எடுங்கோ.”

அந்தக் கிழமை அவரும் என்னோடு பஸ்ஸில் வந்தார். முதல் தடவை நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து போகிறோம். எனக்குக் கல்யாண ஊர்வலம் போகிற மாதிரி ஒரு வெட்கம்கூட வந்தது. யன்னல் பக்கம் அவரை விட்டேன். வல்லையில் பஸ் நின்றது. கொண்டக்டர் சூடப் பெட்டியோடு குதித்து ஓடினான். அப்போது அவர் கோயிலைப் பார்த்தபடியே கதைக்கத் தொடங்கினார்.

“அவள் ஏறி இருந்தால் தோளிலை ரெண்டு தரம் தட்டுவாள். அதுதான் எங்களுக்குள்ளை கணக்கு. தட்டினால் நான் எடுப்பன்.”

மூன்று வருடத்தில் ‘அவள்’ என்று அவர் வாய் திறந்தது அன்றுதான்.

“அண்டைக்கும் தட்டுப்பட்டது உதயா. சத்தியமாய். இந்தத் தோள். ரெண்டு தட்டு. அதுக்குப் பிறகுதான் கிளச்சை விட்டனான். பாரம் தெரியேல்லையோ எண்டு பொலிசிலையும் கேட்டவை. இந்தக் காத்திலை வண்டியே ஆடும்; அவளும் ஒரு பிடி ஆள். தட்டினது ஆர்? அவள் மதிலடியிலை நிண்டிருக்கிறாள். அப்ப என்னைத் தட்டினது ஆர்?”

கொண்டக்டர் திரும்பி வந்தான், பஸ் புறப்பட்டது. திருநீறு மணத்தது.

“அதுதான் நான் ஒருத்தரையும் ஏத்துறேல்லை. தட்டினாலும் இனி நம்பமாட்டன். நம்பாமல் எப்பிடி எடுக்கிறது?”

எனக்கு அவர் கையைப் பிடிக்கவேண்டும் போலிருந்தது, பிடித்தேன். பஸ்ஸில் ஆட்கள் பார்த்தால் பார்க்கட்டும். இவ்வளவு நாளும் அவர் அந்தச் சீற்றை அவளுக்காகப் பாதுகாக்கிறார் என்று நினைத்து எரிந்துகொண்டிருந்தேன். அவர் பாதுகாத்தது என்னை. அது விளங்கியதும் எனக்கு இன்னும் பிடிவாதம் வந்தது. நான் அதில் ஏறாமல் விட்டால் இந்த மனுசன் சாகும்வரை வல்லை வெளியில் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருப்பார்.

“என்ன வண்டி எடுக்கப் போறியள்?” என்றேன்.

“வேறை என்ன, ஹொண்டாதான். புது மொடல் வந்திருக்கு.”

“வேண்டாம். வேறை கொம்பனி எடுங்கோ.”

அவர் திரும்பிப் பார்த்தார். கோயிலை மாற்று என்று நான் சொல்லியிருந்தாலும் அப்படிப் பார்த்திருக்கமாட்டார். “உமக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்? கை பழகின வண்டி. கண்ணை மூடிக்கொண்டு ஓடுவன்.”

“கண்ணைத் திறந்து ஓடுற வண்டியாய் எடுங்கோ. அதே சத்தம், அதே இருப்பு எண்டால் அவவுக்கு வழி தெரியும். வேறை எடுங்கோ. முனியப்பரடியிலை பூசை போட்டு, அதிலையே நான் ஏறுவன். இல்லையெண்டால் எனக்கு மோட்டார் சைக்கிளும் வேண்டாம், மாப்பிள்ளையும் வேண்டாம்.”

கடைசி வசனம் சும்மா. பயமுறுத்தத்தான் சொன்னேன். ஆனால் அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு “ஓம்” என்றார்.

பழையதைக் கஜானனிடமே கொடுத்தோம், உதிரிக்குக் கழற்ற. நானும் போயிருந்தேன். கராஜுக்குள் தள்ளிக்கொண்டு போய் மூலையில் ஏறி இருந்து, நிமிர்த்திப் பிடித்தார். ஸ்ராண்டைப் போடவில்லை. கஜானன் என்னைப் பார்த்தான், நான் கஜானனைப் பார்த்தேன். அன்றைக்கு வெகுநேரம் பிடித்தது. பிறகு ஸ்ராண்ட் விழுந்தது. அவ இறங்கிவிட்டா என்று நினைத்தேன். இனி இங்கேயே இருக்கட்டும் என்றும் நினைத்தேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது, அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

புது வண்டி யமகா, நீல நிறம். வாங்கிய நாளிலிருந்து குறைதான். சீற் உயரம், கைபிடி கிட்ட, எஞ்சின் சத்தம் காணாது, எல்லாவற்றுக்கும் மேலே சுவிட்சு. ஹொண்டாவில் ஹோண் மேலே, சிக்னல் கீழேயாம். இதில் சிக்னல் மேலே, ஹோண் கீழே. பதின்மூன்று வருடம் பழகிய பெருவிரல் சொன்னால் கேட்குமா? ஒவ்வொரு சந்தி, ஒழுங்கையாலும் திரும்பும்போது சிக்னல் போடப் போய் ஹோணை அடித்தார். பருத்தித்துறைச் சந்தையடியில் மீன் வாங்க நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்களாம். முகம் சிவக்க வீட்டுக்கு வந்து, “ஹொண்டாக்காரன் இப்பிடிச் செய்யமாட்டான்,” என்றார்.

குணலட்சுமி அக்கா மதிலுக்கு மேலால் கேட்டார்: “உவர் என்ன பிள்ளை, மூலைக்கு மூலை நிண்டு ஆரைக் கூப்பிடுறார்?”

நான் சிரித்தேன். பிறகு அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை.

வண்டி கைக்கு வரட்டும் என்று சில கிழமை தனியே ஓடினார். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பூசைக்குப் போனோம். எப்படிப் போனோம் என்று கேட்கவேண்டாம். நான் பஸ்ஸில், அவர் பின்னால். “முனியப்பருக்கு முன்னாலைதான் ஏறவேணும்” என்று ஒற்றைக் காலில் நின்றுவிட்டார். மடியில் புது ஹெல்மெற். அவரே போய் வாங்கி வந்தது, நீலம், வண்டிக்குப் பொருத்தமாக. பஸ்ஸில் அதை வைத்துக்கொண்டு இருந்த என்னைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பெட்டையள் சிரித்தார்கள். சிரியுங்கோடி, இதுதான் கடைசித் தரம் என்று மனதுக்குள் சொன்னேன்.

கோயிலடியில் காற்று சேலையைப் பிடுங்கியது. பூசாரி வண்டிக்கு மாலை போட்டு, சந்தனம் வைத்து, தேங்காய் உடைத்தார். சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தோம். அவர் ஏறி, மெல்ல உருட்டி, பழங்களை நசித்துக்கொண்டு போய் றோட்டுக் கரையில் நிறுத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. முதுகு என் பக்கம். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மனம் மாறிவிடும் என்று பயந்திருக்கலாம்.

நான் வண்டியை நோக்கி நாலு அடி வைத்தேன். அப்போதுதான் தலையில் காற்றுப் பட்டது தெரிந்தது. கும்பிடும்போது கையிலிருந்த ஹெல்மெற்றை மதிலில் வைத்திருந்தேன். எடுக்கத் திரும்பினேன்.

மதிலில் கை வைத்தேன். நான் எங்கே நிற்கிறேன், என்ன எடுக்கப் போகிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூப்பிட வாயைத் திறந்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவ்வளவு காற்று.

அந்த நேரம் ஹோண் அலறியது.

திரும்பிப் பார்த்தேன். வண்டி கொஞ்சத் தூரம் முன்னால் போய், றோட்டில் பாதி ஏறி, குறுக்காக நின்றது. ஒரு ரிப்பர் லொறி அதை உரசுகிற மாதிரிப் போனது. அவர் இரண்டு காலையும் ஊன்றி, பின் சீற்றைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்கி மதிலடியில் நிற்கிற என்னைப் பார்த்தார். முகத்தில் இரத்தமே இல்லை. சிக்னல் போடப் போன விரல் ஹோணில் விழுந்திருக்கிறது. திடுக்கிட்டுப் பிறேக்கை அமத்தியிருக்கிறார். பழைய வண்டி என்றால் சிக்னல் ஒழுங்காக விழுந்திருக்கும், பாலம் வரைக்கும் என்னோடு கதைத்துக்கொண்டு போயிருப்பார்.

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு றோட்டின் கரையால் ஓடினேன். கிட்டப் போனதும் அவர் கேட்டார்.

“நீர் தட்டினீரோ?”

இடது கை வலது தோளைப் பிடித்திருந்தது, அந்த இடத்தை.

“சொல்லும் உதயா. ரெண்டு தரம். தட்டினது நீரோ?”

நான் வண்டிக்குக் கிட்டவே போகவில்லை. நாலு அடி வைத்துத் திரும்பியவள். என் கை அவர் தோளில் படவேண்டும் என்றால் அது பதினைந்து முழக் கையாக இருக்கவேண்டும். இல்லை என்று சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நீல வண்டியும் கஜானனுடைய கராஜ் மூலைக்குப் போகும், அல்லது அதன் பின் சீற்றும் தினமும் துடைபடும். எனக்கு எழுநூற்றைம்பது இருக்கிறது. அவருக்கு என்ன இருக்கிறது?

“ஓம்,” என்றேன். “நான்தான். ஏறுவம் எண்டு வந்து தட்டினனான். தட்டின கையோடைதான் ஹெல்மெற் ஞாபகம் வந்தது. ஓடிப்போட்டன். நீங்கள் என்ன, ஒரு நிமிசம் பொறுக்கமாட்டியளே?”

கொஞ்சம் கோபமாகச் சொன்னேன். கோபமாகச் சொன்னால் பொய் உண்மை மாதிரி இருக்கும். அவர் என்னையே பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் உடைந்தது.

“அப்ப அவளும்...” என்றார். “அவளும் தட்டிப்போட்டுத்தான் போயிருக்கிறாள். அவள்தான் தட்டினவள்.”

“வேறை ஆர் தட்டுறது? ஹெல்மெற்றை மறந்துபோய் ஓடியிருப்பா. நானும் ஓடினனான்தானே.”

அவர் வண்டியின் பெற்றோல் ராங்கில் நெற்றியை வைத்து அழுதார். சத்தம் காற்றில் கேட்கவில்லை, முதுகு குலுங்கியது மட்டும் தெரிந்தது. பூசாரி வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். ஒரு வான்காரன் ஹோண் அடித்து முனியப்பருக்கு வணக்கம் வைத்துப் போனான். நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன், கண் மட்டும் பின் சீற்றிலேயே இருந்தது. அன்றைக்குத்தான் மாலை போட்ட புதுச் சீற். ஒருவரும் இருந்து பழகாதது.

எனக்குப் பயமாக இருந்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் இவ்வளவு தூரம் வந்தபிறகு பஸ்ஸுக்கு நிற்க என்னால் முடியாது. ஹெல்மெற்றை மாட்டினேன். அவர் தோளைப் பிடித்து ஏறினேன். ஏறியதும் தெரிந்தது, நான் சீற்றின் கரையில் ஒடுங்கி இருக்கிறேன் என்று. எனக்கும் அவருக்கும் நடுவில் இடம் விட்டிருந்தேன். யார் விடச் சொன்னது என்று எனக்குத் தெரியாது.

“கொஞ்சம் தள்ளி இருங்கோ அக்கா,” என்றேன் மெல்ல, அந்த இடத்தைப் பார்த்து.

“என்ன?” அவர் தலையைத் திருப்பினார்.

“ஒண்டுமில்லை. எடுங்கோ.”

முன்னுக்கு நகர்ந்து இருந்தேன். அவர் தோளில் இரண்டு தரம் தட்டினேன். அவர் உடனே எடுக்கவில்லை. முழுதாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பார்த்து, தலையை ஆட்டி, பிறகுதான் எடுத்தார். ஹோணும் அடித்தது.

வீடு வரைக்கும் அவர் கதைத்துக்கொண்டே வந்தார். யமகாவும் பரவாயில்லை, வளைவில் நல்லாய் நிற்குது என்றார். ஹெல்மெற்றுக்குள் எனக்குப் பாதிதான் கேட்டது. ஒவ்வொரு கதைக்கும் “ஓம், ஓம்” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன், நான் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியவேண்டும்.

முற்றத்தில் நிறுத்தினார். நான் இறங்கினேன். இறங்கின உடனேயே அவர் ஸ்ராண்டைப் போடக் காலை நீட்டினார். முந்திய மாதிரி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. அந்தப் பழக்கம் வல்லையோடு அவரை விட்டுப் போயிருந்தது.

“பொறுங்கோ,” என்றேன்.

“ஏன்?”

அவர் வண்டியை நிமிர்த்திப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் போய் வீட்டுக் கதவை நன்றாக அகலத் திறந்து, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றேன்.

“இப்ப போடுங்கோ,” என்றேன்.